பூத்துல எத்தனை ஓட்டுன்னு தெரியும். வகுப்புல எத்தனை பிள்ளைன்னு தெரியுமா?



உங்க பூத்துல மொத்தம் எத்தனை ஓட்டு? போன தேர்தல்ல நமக்கு எவ்வளவு விழுந்தது? எந்தத் தெருவுல கை நழுவிச்சு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. பூத் கமிட்டியில வேலை பார்த்தவங்களுக்கு அது மனப்பாடம்.

இப்ப இன்னொரு கேள்வி. அந்த வாக்குச்சாவடி எந்தக் கட்டடத்துல இருக்கு? கிராமம்னா பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான். அதே கட்டடத்துல, நீங்க ஏஜென்டா உட்கார்ந்திருந்த அதே அறையில, இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க?

நம்மில் பல பேருக்குப் பதில் தெரியாது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு கமெண்ட் போடுங்க.

ஒவ்வொரு வருஷமும் மாணவர் சேர்க்கை நேரத்துல வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுத்தும். "இருபது பிள்ளைக்கு ரெண்டு வாத்தியார், ஒரு சத்துணவு அமைப்பாளர், ஒரு சமையலர். வரிப்பணம் வீண். இழுத்து மூடிட்டுப் பக்கத்துப் பள்ளியோட சேர்த்துவிட்டா என்ன?" கேட்கிறதுக்கு நியாயம் மாதிரியே இருக்கும். நம்ம ஆளுங்களே சில பேர் இதுக்கு லைக் போடுறாங்க. அதனால கோபப்படாம, கணக்காவே பேசுவோம். இராமேஸ்வரம் தீவையும் அதை ஒட்டின இராமநாதபுரம் கடற்கரையையும் வச்சே பேசுவோம்.

▪️ சின்னப் பள்ளியோட கணக்கு

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கு. அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 120ஐத் தாண்டினால்தான் ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்.

இப்ப 25 பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளியை மனசுல வச்சுக்குங்க. வகுப்பு ஐந்து. ஆசிரியர் ரெண்டு. அதுல ஒருத்தர் தலைமை ஆசிரியர். எமிஸ் பதிவு அவர் வேலை. சத்துணவுக் கணக்கு, காலை உணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போறது வர்றது, புத்தகம், சீருடை எடுத்துட்டு வர்றது எல்லாமே அவர் தலையில. மிச்சம் ஒரே ஒரு ஆசிரியர். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிட்டு, திரும்பி ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு சொல்லித் தரணும். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா என்ன ஆகும்?

இதை வாசல்ல நின்னு பார்க்கிற அம்மா என்ன நினைப்பாங்க? "அஞ்சு வகுப்பும் ஒரே ரூமுல உட்கார்ந்திருக்கு"ன்னு சொல்லிட்டு பிள்ளையை வேன்ல ஏத்திடுவாங்க. அடுத்த வருஷம் 25 இருபதாகும். இருபதானா "பாருங்க, மக்களே விரும்பலை"ன்னு சொல்லுவாங்க. முதல்ல ஆசிரியரைக் குறைச்சது யாருன்னு அப்ப யாரும் கேட்க மாட்டாங்க.

பணத்துலயும் இதே கதைதான். சமக்ர சிக்ஷா திட்டத்துல பள்ளிக்கு வருஷம் ஒரு கூட்டு மானியம் உண்டு. 30 பிள்ளைங்க வரைக்கும் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். சாக்பீஸ், பல்பு, கழிவறைச் சுத்தம், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இதுக்குள்ளதான். உப்புக்காத்துல ஜன்னல் கம்பி துருப்பிடிச்சு உதிர்ற ஊர் நம்ம ஊர். அந்தக் காத்துக்கு உள்ள இருக்கிறது 28 பேரா 82 பேரான்னு தெரியாது. மானியத்துக்கு மட்டும் தெரியுது.

இன்னொன்னு. 20 பேர் படிக்கிற பள்ளியில ஒரே ஒரு குடும்பம் மூணு பிள்ளைங்களோட ஊர் மாறிப் போனா, 15 சதவீதம் போச்சு. எக்செல் ஷீட்டுல பார்க்கிற அதிகாரிக்கு அது பெரிய வீழ்ச்சி. ஊருக்குத் தெரியும், போனது ஒரு குடும்பம்தான்னு. டேட்டா படிச்ச நம்ம பசங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: எண்ணிக்கை சின்னதா இருக்கும்போது சதவீதம் துள்ளும். அதை வச்சு ஒரு பள்ளியோட தலையெழுத்தை எழுத முடியாது.

▪️ பிள்ளைங்க ஏன் குறையுறாங்க?

முதல் காரணம், பிள்ளைங்களே குறைவாத்தான் பிறக்கிறாங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 பிள்ளை. மக்கள் தொகை அப்படியே நிலைச்சு நிக்கணும்னா 2.1 வேணும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சதுக்குத் தண்டனையா எம்பி சீட்டு குறையுமான்னு தொகுதி மறுவரையறை பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். அதே தண்டனை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்கெனவே வந்தாச்சு. ஒரு தெருவுல முன்னாடி பதினஞ்சு பிள்ளை ஒண்ணாப்பு சேர்ந்த இடத்துல இப்ப ஏழு பேர்தான் இருக்காங்கன்னா, அது ஆசிரியர் தப்பும் இல்ல, பள்ளி தப்பும் இல்ல.

ரெண்டாவது காரணம் மூணு வயசு. தனியார் பள்ளி பிள்ளையை எல்கேஜியிலயே வாங்கிக்குது. அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்புலதான் ஆரம்பிக்குது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்கள்ல எல்கேஜி, யூகேஜி தொடங்கினாங்க. நல்ல முயற்சி. ஆனா அது நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கிற மையங்களுக்குத்தான். தனியா ஒதுங்கி இருக்கிற கடலோரத் தொடக்கப் பள்ளிக்கு அது வரலை. மூணு வயசுல வேன் ஏறின பிள்ளை ஐந்து வயசுல இறங்கி நம்ம பள்ளிக்கு நடந்து வராது. நண்பர்கள் அங்க, மிஸ் அங்க.

இதோட தனியார் பள்ளிகள்ல 25 சதவீத இட ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பாருங்க. ஏழைப் பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டி எல்கேஜியில சேர்க்குது. அந்தப் பிள்ளைக்கு அது உரிமை. அதைக் குறை சொல்லலை. நான் கேட்கிறது இவ்வளவுதான்: வேனுக்குப் பின்னாடி அரசுப் பணம் போகுதுன்னா, வேன் வராத பள்ளிக்கு ஒரு மழலையர் ஆசிரியரைக் கொடுக்க ஏன் பணம் இல்லை?

மூணாவது காரணம் கடல். இதை சென்னையில உட்கார்ந்து பார்த்தா புரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில. பள்ளி திறக்கிறது ஜூன் மாசம். அதாவது சேர்க்கைக் கட்டணம், நோட்டு, ஷூ, வேன் பீஸ்னு மொத்தமா செலவு நிக்கிற நேரத்துலதான் வீட்டுல வருமானம் சுத்தமா இல்லை. தடைக்கால நிவாரணத்தை 5,000ல இருந்து 8,000 ரூபாயா உயர்த்துறதா 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல அறிவிச்சாங்க. ரெண்டு மாசத்துக்கு 8,000. அதுல அரிசியும் வாங்கணும், பீஸும் கட்டணும்.

தடை முடிஞ்சு தொழிலுக்குப் போனாலும் நிம்மதி உண்டா? இலங்கைக் கடற்படை பிடிச்சா ஆளுக்குச் சிறை, படகுக்குப் பறிமுதல். 1974ல் கச்சத்தீவைக் கொடுத்ததுக்கான விலையை இந்தக் கரை இன்னும் கொடுத்துக்கிட்டு இருக்கு. அப்பா யாழ்ப்பாணச் சிறையில இருக்கிற வீட்டுல முதல்ல நிக்கிறது எது தெரியுமா? வேன் பீஸ். அந்தப் பிள்ளை நடு வருஷத்துல எங்க வரும்? நடந்து போற தூரத்துல, பீஸ் கேட்காம, "உள்ள வா"ன்னு சொல்ற ஒரே இடம் அந்தச் சின்னப் பள்ளிதான்.

கொரோனா சமயத்துல 2021ல தமிழ்நாடு முழுக்க இதைத்தான் பார்த்தோம். வருமானம் போன குடும்பங்கள் பிள்ளைங்களைக் கூட்டிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தாங்க. பள்ளி திறந்திருந்தது, அதனால வர முடிஞ்சது. முந்தின வருஷம் "ஆளில்லை"ன்னு பூட்டியிருந்தா? தீயணைப்பு நிலையத்துல இன்னைக்குத் தீ இல்லைன்னு யாராவது வண்டியை விப்பாங்களா?

▪️ அந்த இருபது பேர் யாரு?

எண்ணிக்கையைப் பேசுறவங்க ஆளைப் பார்க்கிறதில்லை. இந்தக் கரையில அரசுப் பள்ளியை நம்பி இருக்கிறது யாருன்னு ஒரு தடவை வரிசையா பார்த்துடுவோம்.

நாட்டுப்படகுலயும் கரைவலையிலயும் தொழில் பண்ற வீட்டுப் பிள்ளைங்க. பாம்பன் சின்னப்பாலம் மாதிரி ஊர்கள்ல விடியறதுக்கு முன்னாடியே கடல்பாசி எடுக்கக் கிளம்பிடுற அம்மாக்களோட பிள்ளைங்க. அந்த அம்மா கழுத்தளவு தண்ணியில நிக்கிறப்ப, வீட்டுல பிள்ளைக்குத் தலைவாரி, சோறு போட்டு அனுப்ப ஆள் கிடையாது. காலை உணவுத் திட்டம் இந்தப் பிள்ளைக்கு என்னன்னு டிவி விவாதத்துல பேசுறவங்களுக்குப் புரியாது.

பனை சீசன்ல குடும்பத்தோட பனங்காட்டுக்குப் போய் விடிலியில தங்கிக் கருப்பட்டி காய்ச்சுறவங்க பிள்ளைங்க. முதுகுளத்தூர், கமுதி பக்கம் கருவேலம் வெட்டி மூட்டம் போட ஊர் ஊரா போறவங்க பிள்ளைங்க. இவங்க பேரு பதிவேட்டுல இருக்கும், பிள்ளை சில மாசம் இருக்காது. திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கணும்.

அப்புறம் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்துல இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியா போனவங்களை நிறுத்தி வச்ச இடம் அது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்கிருந்து திரும்பி வந்தவங்க அந்த வழியாத்தான் வந்தாங்க. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவங்க. 2022 மார்ச்ல இலங்கைப் பொருளாதாரம் விழுந்தப்ப, பால் பவுடர் வாங்க முடியாம கைக்குழந்தையோட தனுஷ்கோடி மணல்திட்டுல வந்து இறங்கினவங்க. ஒரு படகு வந்தா இந்தக் கரையில ஒரு வகுப்போட எண்ணிக்கை மாறும். ஒரு குடும்பம் ஊர் திரும்பினா மறுபடி மாறும். இந்த ஊர்ப் பள்ளியோட பதிவேடு கடலோட சேர்ந்து ஏறி இறங்குற பதிவேடு. கோயம்புத்தூருக்கு வச்ச அளவுகோலை இங்க வைக்க முடியாது.

இராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில ஒரு காலத்துல நாலு நண்பர்கள் படிச்சாங்க. அதுல ஒருத்தர் அப்துல் கலாம், 1931ல பிறந்தவர். படகு வச்சிருந்த இஸ்லாமியக் குடும்பம். மத்த மூணு பேரும் ஆச்சாரமான இந்துக் குடும்பத்துப் பிள்ளைங்க. அதுல இராமநாத சாஸ்திரி கோயில் தலைமைக் குருக்களோட மகன். ஐந்தாம் வகுப்புல புதுசா வந்த ஆசிரியர் ஒருத்தர், தொப்பி போட்ட பையன் பூணூல் போட்ட பையன் பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு கலாமைப் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். விஷயம் வீட்டுக்குப் போச்சு. குருக்கள் லட்சுமண சாஸ்திரியே அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனசுல விஷத்தை விதைக்காதீங்க, மன்னிப்புக் கேளுங்க, இல்லைன்னா பள்ளியை விட்டும் இந்தத் தீவை விட்டும் போங்கன்னு கண்டிச்சார். ஆசிரியர் மனம் மாறினார். கலாமே தன் சுயசரிதையில இதை எழுதியிருக்கார்.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் குடியரசுத் தலைவர் ஆனார். ஒருத்தர் கோயில் குருக்கள் ஆனார். ஒருத்தர் யாத்ரீகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் தொழிலுக்குப் போனார். ஒருத்தர் ரயில்வே கேட்டரிங் எடுத்தார். ஊர்ப் பொதுப் பள்ளிங்கிறது இதுதான். இன்னைக்கு வசதி இருக்கிறவன் ஒரு வேன்ல, கொஞ்சம் வசதி இருக்கிறவன் இன்னொரு வேன்ல, எதுவும் இல்லாதவன் மட்டும் நடந்து அரசுப் பள்ளிக்குன்னு ஆயிடுச்சு. அடுத்த லட்சுமண சாஸ்திரிக்குக் கோபம் வரணும்னா, அவர் பிள்ளையும் அதே பெஞ்சுல உட்கார்ந்திருக்கணும்ல?

▪️ மூடினா என்ன ஆகும்?

சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரைக்கும் பிள்ளைக்கு 1 கிலோமீட்டர் நடை தூரத்துல பள்ளி இருக்கணும். அஞ்சு வயசுப் பிள்ளையோட கால் எவ்வளவு தூரம் நடக்கும்னு யோசிச்சு வச்ச அளவு அது.

தனுஷ்கோடியை எடுத்துக்குங்க. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடிச்சு, ரயிலோட ஊரே போச்சு. வாழத் தகுதியில்லாத இடம்னு அரசு அறிவிச்சுட்டுப் போயிடுச்சு. மீனவக் குடும்பங்கள் போகலை. கடல் அங்கதான் இருக்கு, பிழைப்பும் அங்கதான் இருக்கு. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தது 2017ல. அதுவரைக்கும் மணல்ல நடை, இல்லைன்னா ஜீப், வேன். அந்தக் குடிசைகளுக்கு நடுவுல இன்னைக்கும் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி நடக்குது. இராமேஸ்வரம் ஊருக்குள்ள வரணும்னா சுமார் 18 கிலோமீட்டர். "எண்ணிக்கை குறைவு, அதனால இணைப்பு"ங்கிற ஒரே விதியை அங்க போட்டுப் பாருங்க. பையனை எப்படியாவது அனுப்புவாங்க. பொண்ணை? தம்பியைப் பார்த்துக்க, மீன் காயப்போடன்னு வீட்டோட நிறுத்திடுவாங்க.

பள்ளி போனா கூடவே சத்துணவு போகும். காலை உணவு போகும். அதைச் சமைக்கிற சுய உதவிக்குழு அக்காவோட வேலை போகும். புயல் அடிச்சா ஊர் ஒதுங்குற கான்கிரீட் கட்டடத்துக்குப் பூட்டு விழும். கடைசியா, உங்க வாக்குச்சாவடியும் அடுத்த ஊருக்குப் போகும்.

"இதெல்லாம் நடக்காது"ன்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுலயே 2019ல ஆளில்லாத 46 பள்ளிகளை நூலகமா மாத்த முடிவு பண்ணினாங்க. உத்தரப் பிரதேசத்துல 2025 ஜூன்ல, 50 பேருக்குக் குறைவான பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோட இணைக்க உத்தரவு போட்டாங்க. சீதாபூர் மாவட்டத்துப் பிள்ளைங்க பேருல வழக்குப் போச்சு. மக்கள் எதிர்ப்புக்கு அப்புறம்தான், 1 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்தா இணைக்க மாட்டோம்னு அந்த அரசு இறங்கி வந்தது.

இதுக்கெல்லாம் அடிப்படை எங்க இருக்கு? தேசியக் கல்விக் கொள்கை 2020, ஏழாவது அத்தியாயம் படிங்க. 2016-17 கணக்குப்படி நாட்டுல பொதுத் தொடக்கப் பள்ளிகள்ல ஏறக்குறைய 28 சதவீதத்துல 30 பேருக்கும் குறைவுன்னு அதுவே சொல்லுது. ஒரே ஆசிரியர் இருக்கிற பள்ளிகள் 1,08,017ன்னும் அதுவே சொல்லுது. இந்த ரெண்டு எண்ணையும் பார்க்கிற ஒரு அரசு என்ன சொல்லணும்? "லட்சம் பள்ளிக்கு இன்னொரு ஆசிரியரைப் போடுவோம்"னு சொல்லணும். அவங்க சொல்றது, சின்னப் பள்ளி நடத்துறது கட்டுப்படியாகாது, பள்ளி வளாகமா சேர்ப்போம்னு. இதுக்குக் கையெழுத்துப் போடலைன்னுதான் 2024-25ல தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சது. பாம்பன் புதுப் பாலத்துக்கு 550 கோடிக்கு மேல செலவு பண்ணி 2025 ஏப்ரல்ல கொடி அசைச்சாங்க. பாலம் வேணும், வேண்டாம்னு யாரு சொன்னா? பாலத்துக்கு இந்தப் பக்கம் படிக்கிற பிள்ளையோட பள்ளிக்கு வருஷம் 10,000 ரூபாய்தானான்னு கேட்கிறோம்.

மக்கள் நின்னா பள்ளி நிக்கும். கேரளத்துல கோழிக்கோடு மலாப்பறம்புல ஒரு உதவிபெறும் பள்ளியை, லாபமில்லைன்னு மூட நிர்வாகம் கிளம்பிச்சு. 2014ல கட்டடத்தையே இடிச்சாங்க. ஊர் கூடித் திரும்பக் கட்டுச்சு. 2016ல நீதிமன்ற உத்தரவுப்படி பூட்டு விழுந்தப்ப, மாநில அரசே அந்தப் பள்ளியை ஏத்துக்கிச்சு.

▪️ எதிர்க்கேள்விக்கும் பதில் சொல்வோம்

"ஒரு வகுப்புல மூணு பேர் இருந்தா பிள்ளை எப்படி வளரும்? கூட விளையாடக்கூட ஆள் வேணாமா?" நியாயமான கேள்வி. மூணு பேரோட ஒரு மூலையில உட்கார்ந்திருக்கிறது நல்ல கல்வின்னு நாமளும் சொல்லலை. சின்னப் பள்ளியை அப்படியே காட்சிப் பொருளா வச்சுக்கிட்டுப் பெருமை பேசுறதுல அர்த்தமில்லை.

அதனால நம்ம கோரிக்கை "மூடாதே"ங்கிறதோட நிக்கக் கூடாது. நாம கேட்க வேண்டியது இதுதான்:

1. கடலோர, தீவுப் பள்ளிகளுக்குப் பிள்ளை எண்ணிக்கை 60க்குக் கீழ இருந்தாலும் குறைந்தது 3 ஆசிரியர். அதுல ஒருத்தர் மழலையர் வகுப்புக்கு.
2. தொடக்கப் பள்ளி இருக்கிற இடத்துலயே எல்கேஜி, யூகேஜி.
3. கூட்டு மானியத்தைப் பிள்ளை எண்ணிக்கையை மட்டும் பார்க்காம கட்டடம், கடற்கரைச் சூழல் பார்த்துக் கொடுக்கணும்.
4. பனை, கரிமூட்டத் தொழிலுக்குப் போற குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு சீசன் விடுதி. பேரை நீக்காம, திரும்பி வர்ற வரைக்கும் இடம்.
5. எந்தப் பள்ளியையும் இணைக்கிறதுக்கு முன்னாடி, பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புதலும், அந்த ஊர்ல பள்ளி வயசுப் பிள்ளைங்களோட வீடு வீடான கணக்கும் கட்டாயம்.

ஆட்சியில யார் இருந்தாலும் இதைத்தான் கேட்போம்.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. 1920ல நீதிக்கட்சி காலத்துல பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில சோறு போட்டார். காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982ல எம்ஜிஆர் சத்துணவாக்கினார். 1989ல கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15ல 1,545 பள்ளிகள்ல காலை உணவு தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25ல முப்பத்தோராயிரம் பள்ளிகளுக்குப் போச்சு. கட்சி வேற, காலம் வேற, வழி ஒண்ணு. பிள்ளை வராததுக்கு என்ன காரணம்னு பார்த்து, அந்தக் காரணத்தைச் சரி செஞ்சாங்க. பசி காரணமா இருந்தப்ப சோறு போட்டோம். இன்னைக்கு ஆசிரியர் இல்லாததும், எல்கேஜி இல்லாததும் காரணம். அதைச் சரி செய்யணும்.

▪️ நீங்க செய்ய வேண்டியது

2025 நவம்பர்ல எஸ்ஐஆர் வந்தப்ப என்ன பண்ணினோம்? ஒரு ஓட்டுகூட விடுபடக் கூடாதுன்னு படிவத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஓடினோம். இறந்தவர் யாரு, குடிபெயர்ந்தவர் யாரு, வெளிநாட்டுல இருக்கிறவர் யாருன்னு தெருத் தெருவா சரிபார்த்தோம். அதே கால், அதே தெரு. இந்தத் தடவை பதினெட்டு வயசைத் தேடாம, மூணு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும் தேடுங்க.

ஒரு பூத்துக்கு ஒரு நோட்டு போதும். வீட்டுல அந்த வயசுப் பிள்ளை எத்தனை? எங்க படிக்குது? அரசுப் பள்ளியில சேர்க்கலைன்னா ஏன்? எந்தப் பள்ளியிலயும் இல்லாத பிள்ளை உண்டா? கேட்டு எழுதுங்க, வாக்குவாதம் பண்ணாதீங்க. வேன்ல அனுப்புற அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீங்க. அவங்க சொல்ற காரணம்தான் நமக்கு வேண்டிய டேட்டா.

முக்கியமான ஒண்ணு: பிள்ளைங்க பேரோ போட்டோவோ எந்தக் குரூப்லயும், எந்தப் பதிவுலயும் போடாதீங்க. முகாம் பிள்ளைங்க விஷயத்துல இன்னும் ரெண்டு மடங்கு கவனம். எண்ணிக்கையும் காரணமும் போதும்.

அந்தக் கணக்கை ரெண்டு இடத்துக்குக் கொண்டு போங்க. ஒண்ணு, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்சிக் கொடியை வெளியிலயே வச்சிட்டு, பெற்றோரா போங்க. ரெண்டாவது, மே 1 கிராம சபை. பள்ளி திறக்கிறதுக்குச் சரியா ஒரு மாசம் முன்னாடி வருது. பாம்பன், தங்கச்சிமடம் மாதிரி ஊராட்சிகள்ல "எங்க ஊர்ல இத்தனை பிள்ளைங்க இருக்காங்க, இத்தனை ஆசிரியர் வேணும், எங்களைக் கேட்காம இணைக்கக் கூடாது"ன்னு எண்ணோட தீர்மானம் போடுங்க. கோஷத்தை அதிகாரி ஃபைலுக்குள்ள மூடி வச்சிடலாம். கிராம சபைத் தீர்மானத்தை அப்படிச் சுலபமா ஒதுக்கிட முடியாது.

கடைசியா ஒரு வார்த்தை, நமக்குள்ள. அரசுப் பள்ளியில படிச்சு, பொறியியல் முடிச்சு, இன்னைக்கு லேப்டாப்புல உட்கார்ந்து கட்சிக்காகப் பதிவு போடுற பசங்க இந்தப் பக்கத்துல ஆயிரக்கணக்குல இருக்கீங்க. அரசுப் பள்ளியைப் பாராட்டி மீம் போடுறோம், சரி. நம்ம கிளைச் செயலாளர் வீட்டுப் பிள்ளை, வார்டு கவுன்சிலர் வீட்டுப் பிள்ளை, நமக்கு நாளைக்குப் பிறக்கப் போற பிள்ளை எந்தப் பள்ளியில சேரும்? எதிர்க்கட்சிக்காரன் கேட்கிறதுக்கு முன்னாடி நாமளே நம்மளைக் கேட்டுக்கணும். 20 பேர் இருக்கிற பள்ளியில பத்துக் கட்சிக் குடும்பம் பிள்ளையைச் சேர்த்தா, அது 30. இன்னும் ஒரு பிள்ளை வந்தா 31. மானியம் 10,000ல இருந்து 25,000 ஆகும். மூடுற பட்டியல்ல அந்தப் பேரு இருக்காது.

உங்க பூத் இருக்கிற பள்ளியோட பேரையும், ஒன்றாம் வகுப்பு எண்ணிக்கையையும் கமெண்ட்ல போடுங்க. தெரியலைன்னா நாளைக்குக் காலையில போய்க் கேட்டுட்டு வந்து போடுங்க. ஒன்றிய வாரியா நாங்க தொகுக்கிறோம்.

#நம்மபூத்நம்மபள்ளி
#சின்னப்பள்ளிகளைக்காப்போம்
#இராமேஸ்வரம்